விண்டோஸ் 11-க்கு மாறணுமா? எங்கள் அம்பை வீட்டில் எடுத்த முடிவுகள்

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. அதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே அம்பை என்று நாங்கள் சொல்லும் அம்பாசமுத்திரத்தில் எங்கள் தெருவில் ஆளுக்கொரு கதை ஓடியது. அந்தத் தேதிக்குப் பிறகு கம்ப்யூட்டர் ஆனே ஆகாது என்றார் ஒருவர். ஃபைல் எல்லாம் பூட்டிக்கொள்ளும் என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை. கம்ப்யூட்டர் முன்புபோலவே ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் வரமாட்டார்கள், அவ்வளவுதான். நெட்டில் இருக்கிற மெஷினுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் மறுநாள் காலையிலேயே கடைக்கு ஓடவேண்டிய அவசரமும் இல்லை.

எங்கள் வீட்டில் மூன்று கம்ப்யூட்டர். 2016-ல் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் அசெம்பிள் பண்ணி வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று. 2020-ல் ஊரடங்கு நேரத்தில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய லேப்டாப் ஒன்று. பீரோவுக்குள், பள்ளியில் அரசு கொடுத்த பழைய இலவச லேப்டாப் ஒன்று. அது என் அண்ணன் மகனுடையது, எப்படியோ எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

டெஸ்க்டாப்தான் சிக்கல். அதில் நான்கு பேர் வேலை இருக்கிறது. என் மனைவி வீட்டில் டியூஷன் எடுக்கிறாள், கேள்வித்தாள் எல்லாம் அதில்தான் டைப் பண்ணுவாள். கல்லிடைக்குறிச்சியில் மயினி (அண்ணி) நடத்தும் அப்பளக் கம்பெனியின் கணக்கை இரவில் நான் அதில்தான் டேலி என்ற கணக்கு மென்பொருளில் போடுகிறேன். அப்பா மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் தெரிந்தவர்களுக்கு ஜாதகம் கணித்துக் கொடுக்கிறார், அந்த மென்பொருளும் அதில்தான். மகள் பிரிண்ட் எடுப்பதும் அதில்தான்.

விண்டோஸ் 11-க்கு மாறலாமா என்று பேச்சு வந்தபோது வீட்டில் யாரும் விண்டோஸைப் பற்றிப் பேசவில்லை. "தம்பி, கணக்கு மட்டும் அழியாம பாத்துக்கிடுங்க" என்றார் மயினி. "எம் ஃபான்ட் போயிரக் கூடாது" என்றாள் மனைவி. "செமஸ்டர் முடியட்டும்பா, அதுவரைக்கும் என் லேப்டாப்புல கை வைக்காதீங்க" என்றாள் மகள். அப்பா, "நல்லாத்தானல ஓடுது, அத ஏம்ல நோண்டுத?" என்று முடித்துக்கொண்டார். எனக்கு இந்த நான்கு பேச்சும்தான் வழிகாட்டி. எந்த வெர்ஷன் நல்லது என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, யாருடைய எந்த வேலை நின்றால் வீடு நிற்கும் என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். முடிவு அதிலிருந்துதான் வந்தது.

முதலில் மெஷின் தாங்குமா என்று பார்க்கவேண்டும். மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் ஆகும், ஆகாது என்று சொல்லிவிடும். ஆகாது என்றால் ஏன் ஆகாது என்பதைக் கவனித்துப் படிக்கவேண்டும். காரணம் எது என்பதைப் பொறுத்துச் செலவு மாறும். விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், கம்ப்யூட்டரை எழுப்பும் புதிய முறையான யூஇஎஃப்ஐ, எழும்பும்போதே கள்ள மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் வசதி, ரகசியச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி, அப்புறம் அவர்கள் பட்டியலில் உள்ள ப்ராசஸர். இன்டெல் என்றால், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, 8-ம் தலைமுறையிலிருந்துதான் பட்டியல் தொடங்குகிறது. ஏஎம்டியில் பொதுவாக ரைசன் 2000 வரிசையிலிருந்து. எங்கள் டெஸ்க்டாப் 6-ம் தலைமுறை ஐ3. ரேம் கூட்டினாலும் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்டாலும் அது பட்டியலுக்குள் வராது.

பக்கத்து வீட்டுக் கதை வேறு. அவர்களுடையது 9-ம் தலைமுறை. ஒரு கடையில், "டிபிஎம் இல்ல அண்ணாச்சி, போர்டையே மாத்தணும், முடிச்சுத் தாரேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விண்டோஸ் எழும்புமுன் வரும் அடிப்படை செட்டிங்ஸான பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் டிபிஎம் அங்கேதான் இருந்தது, அணைந்து கிடந்தது. இன்டெல் மதர்போர்டுகளில் அதன் பெயர் 'பிடிடி', ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்'. அதை ஆன் செய்ததும் ஹெல்த் செக் பச்சை காட்டியது. போர்டு மாற்றச் சொன்னால் முதலில் பயாஸைத் திறந்து இந்த இரண்டு பெயரையும் தேடுங்கள்.

ஆனால் பயாஸில் கை வைக்கும்முன் இரண்டு எச்சரிக்கை. பழைய மெஷின்களில் ஹார்ட் டிஸ்க் 'எம்பிஆர்' என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டு, கம்ப்யூட்டர் எழும்புவதும் 'லெகசி' என்ற பழைய முறையில் இருக்கும். அந்த நிலையில் நேராக யூஇஎஃப்ஐக்கு மாற்றினால் விண்டோஸ் எழும்பாது. பயந்துபோய் ஃபார்மேட் பண்ணிவிடுவார்கள். தேவையே இல்லை, டேட்டா அழியாமல் மாற்ற விண்டோஸுக்குள்ளேயே 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி இருக்கிறது. பேக்கப் எடுத்துவிட்டு முதலில் அதை ஓட்டி, பிறகு பயாஸை மாற்றவேண்டும். இரண்டாவது, டிஸ்க் பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்தால் பயாஸில் மாற்றம் செய்தவுடன் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து புது லேப்டாப் செட்டப் செய்தவர்களுக்கு, தாங்கள் கேட்காமலேயே இந்தப் பூட்டு விழுந்திருக்கலாம். கீ அந்தக் கணக்கில் சேமித்திருக்கும். முன்கூட்டியே எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த கம்ப்யூட்டருக்குள்ளேயே நோட்பேடில் சேமித்து வைத்தவரை நான் பார்த்திருக்கிறேன்!

டெஸ்க்டாப்பில் இன்னொரு விஷயம் தெரியவந்தது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்று போனால் விண்டோஸ் 32 பிட்டா (பழைய வகை) 64 பிட்டா (புதிய வகை) என்று காட்டும். எங்களுடையது 32 பிட். ரேம் 4 ஜிபிதானே என்று அந்தக் காலத்தில் கடைக்காரர்கள் இப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட்டிலிருந்து 64-க்கு, இருப்பதை வைத்துக்கொண்டே அதன் மேல் ஏற்றவும் முடியாது. துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போடவேண்டும்.

அப்பாவின் ஜாதக மென்பொருளுக்கு இது நேரடி அடி. இருபது வருடத்துக்கு முந்தைய சிடி அது. 32 பிட் மென்பொருள்கள் பெரும்பாலும் 64 பிட் விண்டோஸில் ஓடிவிடும். ஆனால் அந்த சிடியில் உள்ள இன்ஸ்டாலர் அதற்கும் முந்தைய 16 பிட் காலத்தது. 64 பிட் விண்டோஸ் அதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். புது ஜாதக மென்பொருள் வாங்கித் தரலாமே என்றேன். அவருக்குப் பழகிய வாக்கிய பஞ்சாங்கக் கணக்கு, பழகிய கட்டம், பழகிய அச்சு. எழுபதைத் தாண்டியவரைப் புதிதாகப் பழகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது தொழில்நுட்பக் காரணம் இல்லைதான். வீட்டுக் கம்ப்யூட்டர் விஷயத்தில் இந்த மாதிரிக் காரணங்களுக்கும் ஓட்டு உண்டு.

பக்கத்து வீட்டில் போர்டை மாற்றச் சொன்ன அந்தக் கடைத் தம்பி இன்னொரு வழியும் சொன்னார்: "பைபாஸ் பண்ணிப் போட்டுரலாம், ஒண்ணும் ஆகாது." முடியும்தான். டிபிஎம் சோதனையைத் தாண்டவைக்கும் பென் டிரைவை ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் தயாரித்துவிடலாம். ஆனால் தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. வருடாந்திரப் பெரிய வெர்ஷன்களையும் நாமே கையால் ஏற்றவேண்டும். விண்டோஸ் 11-ன் 24எச்2 வெர்ஷன் வந்தபோது மிகப் பழைய ப்ராசஸர்களில் அது எழும்பவே இல்லை. பாதுகாப்பு அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம், அதுவே வருமா என்று தெரியாத வழியில் எதற்குப் போகவேண்டும்? விளையாடிப் பார்க்கத் தனி மெஷின் இருந்தால் செய்யலாம். மயினியின் கணக்கு இருக்கும் மெஷினில் நான் செய்யமாட்டேன்.

மெதுவாக ஓடுகிறது என்பதற்காக விண்டோஸ் மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெதுவுக்குக் காரணம் பெரும்பாலும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டால் பழைய மெஷினே துள்ளி ஓடும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நான் செய்த செலவிலேயே பலன் அதிகம் தந்தது இதுதான். ரேம் விலை இப்போது ஏறிக் கிடக்கிறது. முதலில் எஸ்எஸ்டி, ரேம் அப்புறம்.

சரி, ஏறவும் முடியாது, அப்டேட் இல்லாமல் நெட்டில் விடவும் கூடாது. இடைக்காலத்துக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு வழி வைத்திருந்தது. 'ஈஎஸ்யு' என்ற நீட்டிப்பு. வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும், புது வசதி எதுவும் வராது என்று அறிவித்தார்கள். 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளி 1000 கொடுக்கலாம், அல்லது விண்டோஸ் பேக்கப் மூலம் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்தால் காசே வேண்டாம். நான் மூன்றாவது வழியில் சேர்ந்தேன். விண்டோஸ் 10-ன் கடைசி வெர்ஷனான 22எச்2-ல் இருக்கவேண்டும். அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு வரும். இதற்கு ஒரிஜினல் விண்டோஸ் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அசெம்பிள் கடைகளில் 'போட்டுத் தந்த' விண்டோஸ் பல வீடுகளில் கள்ளச் சாவியில்தான் ஓடுகிறது. ஆக்டிவேஷன் பக்கத்தில் டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்டிவேட்டர் என்ற பெயரில் ஏதோ ஒன்றை ஓட்டித்தான் அது ஆக்டிவ் ஆனது என்றால், ஓட்டையை அடைப்பது பற்றிய பேச்சே வீண். கதவைத் திறந்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸையும் யோசித்தேன். அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே டெஸ்க்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். இந்த வசதி அருமையானது. பிரிண்டர் வேலை செய்கிறதா, வைஃபை பிடிக்கிறதா, எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துவிடலாம். தமிழ்99, ஃபொனெடிக், பழைய டைப்ரைட்டர் என்று எல்லா விசைப்பலகையும் அதில் கிடைக்கிறது. பிரவுசர், மெயில், லிப்ரே ஆஃபிஸ் மட்டும் போதும் என்கிற வீட்டுக்கு இதுவே போதும், காசும் மிச்சம். எங்களுக்கு டேலி குறுக்கே நின்றது, அது விண்டோஸ் மென்பொருள். வேறு வழிகளில் ஓட்டலாம் என்பார்கள். மார்ச் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது அந்த வேறு வழியோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. ஆனால் பீரோவில் கிடந்த இலவச லேப்டாப்புக்கு மின்ட் போட்டேன். தமிழக அரசு நிறுவனமான எல்காட் கொடுத்த அந்த மெஷின்களில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தேதான் வந்தது. நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்? ஒரு ரேம் குச்சியும் சின்ன எஸ்எஸ்டியும் சேர்த்ததில் இப்போது டியூஷன் பிள்ளைகள் அதில் பாட வீடியோ பார்க்கிறார்கள்.

கடைசியில் டெஸ்க்டாப்பின் வேலைகளைப் பிரித்தோம். அலுவலகங்களில் கழித்துக்கட்டிய 8-ம் தலைமுறை சின்ன டெஸ்க்டாப் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். மானிட்டரும் கீபோர்டும் பழசே. இந்த மாதிரி மெஷின்களில் விண்டோஸ் லைசென்ஸ் பெரும்பாலும் போர்டிலேயே பதிந்திருக்கும். நெட்டில் இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகவேண்டும். அதைக் கடையிலேயே கண்முன் செய்து காட்டச் சொல்லுங்கள். ஹெல்த் செக்கையும் அங்கேயே ஓட்டச் சொல்லுங்கள். ப்ராசஸர் எந்தத் தலைமுறை என்று வாயால் சொல்வதை நம்பாமல் அபவுட் பக்கத்தில் எண்ணைப் பாருங்கள்: ஐ5 என்ற பெயருக்குப் பின்னால் வரும் நான்கு இலக்க எண் 8 என்று தொடங்கினால்தான் 8-ம் தலைமுறை.

வேலைகளை மாற்றும்போதுதான் நோட்டில் எழுதிய பட்டியல் கைகொடுத்தது. டேலியில் டேட்டா ஃபோல்டரைக் காப்பி செய்தால் மட்டும் போதாது. பழைய மெஷினில் லைசென்ஸை 'சரண்டர்' செய்துவிட்டுத்தான் புதிதில் ஆக்டிவேட் செய்யவேண்டும். முதலில் ஃபார்மேட் செய்துவிட்டு, அப்புறம் லைசென்ஸைத் தேடி அலைவது நம் பக்கம் அடிக்கடி நடக்கிற கூத்து. பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் கிடைக்கிறதா என்பதைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் முதலிலேயே பார்த்துக்கொண்டேன். பழைய ஸ்கேனர்கள்தான் இதில் மாட்டும்.

மனைவியின் ஃபைல்கள் பாமினி ஃபான்டில் இருந்தன. எல்லா மெஷினிலும் ஒரேபோலத் தெரியும் யூனிகோடு முறைக்கு முந்தைய ஃபான்ட் இது. கம்ப்யூட்டருக்குத் தெரிவது ஆங்கில எழுத்து, கண்ணுக்குத் தெரிவது தமிழ். ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தாறுமாறாக நிற்கும். "எல்லாம் கரப்ட் ஆயிட்டு" என்று அழுகிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் ஆகியிருக்காது. பழைய மெஷினில் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த ஃபைலை எடுத்துப் புதிதில் இன்ஸ்டால் செய்தால் சரியாகிவிடும். ஆனால் இது தாற்காலிகம்தான். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. மாற்றித் தரும் கன்வெர்ட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் கொம்பும் காலும் சரியாக இருக்கிறதா, கணக்குக் குறிகள் எழுத்தாக மாறியிருக்கின்றனவா என்று ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும். கேள்வித்தாளில் கூட்டல் குறி காணாமல் போனால் பிள்ளைகள் பாடு திண்டாட்டம்.

பேக்கப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். எங்கே வைப்பது என்பதை யாரும் சொல்வதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, திருநெல்வேலி சிந்துபூந்துறையில் தெரிந்தவர் வீட்டில் சிபியு மேஜைக்கு அடியில் இருந்தது, பேக்கப் ஹார்ட் டிஸ்க் அதே மேஜையின் கீழ் டிராயரில் இருந்தது. இரண்டும் சேர்ந்தே முங்கின. இப்போது எங்கள் வீட்டுப் பேக்கப்பில் ஒரு காப்பி பீரோவின் மேல்தட்டில், இன்னொன்று பாளையங்கோட்டையில் தங்கை வீட்டு மாடியில். கல்லிடைக்குறிச்சியில் வைக்கலாம் என்றார் மயினி. ஆற்றின் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் வெள்ளம் ஒன்றுதானே மயினி என்றேன்.

மகளின் லேப்டாப் 10-ம் தலைமுறை, எல்லாத் தகுதியும் இருந்தது. செமஸ்டர் முடிந்த மறுவாரம் ஏற்றினோம். லேப்டாப் என்பதால் பேட்டரி இருக்கிறது. டெஸ்க்டாப்பில் செய்பவர்கள் யுபிஎஸ் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். கூடங்குளமும் இத்தனை காற்றாலையும் நம் மாவட்டத்தில் இருந்தாலும் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை உண்டு. பேப்பரில் நம் துணை மின்நிலையம் பெயர் வந்திருக்கிறதா என்று பார்த்து நாள் குறித்தேன். பயாஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போனால் போர்டே போகலாம். அப்புறம், முழு டவுன்லோடு 5 ஜிபிக்கு மேல் வரும். தினம் 2 ஜிபி தருகிற மொபைல் திட்டத்தில் ஹாட்ஸ்பாட் வைத்து இழுக்கப் பார்த்தால் பாதியில் நிற்கும். ஃபைபர் உள்ள வீட்டில் ஐஎஸ்ஓ என்ற ஒரே பெரிய ஃபைலாக இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவருவது நிம்மதி.

ஏற்றியபின் பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் பழையதுக்கே திரும்பலாம். செட்டிங்ஸில் ரெக்கவரி என்ற இடத்தில் 'கோ பேக்' இருக்கும். அதற்காகத்தான் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற ஃபோல்டர் சி டிரைவில் பல ஜிபியை அடைத்துக்கொண்டு கிடக்கும். இடம் போதவில்லை என்று அவசரப்பட்டு அழித்துவிட்டால் திரும்பும் வழி அடைபடும். அந்தப் பத்து நாளுக்குள் பிரிண்டர், கேமரா, ப்ளூடூத், கல்லூரி பாடத்துக்கான மென்பொருள் என்று எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஸ்க்ரீனின் அடியில் இருக்கும் டாஸ்க்பாரின் ஐகான்கள் நடுவில் வந்து நிற்பது மகளுக்குப் பிடிக்கவில்லை. அவற்றை இடப்பக்கம் தள்ள செட்டிங்ஸில் வழி இருக்கிறது. டாஸ்க்பாரையே ஸ்க்ரீனின் பக்கவாட்டுக்கு மாற்றலாமா என்றும் தேடினாள். எங்களுக்கு அப்படி ஒரு வழி அகப்படவில்லை. மற்றபடி அவளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனக்கும்தான்.

பழைய டெஸ்க்டாப் அப்பாவின் அறைக்குப் போய்விட்டது. நெட் கேபிளை எடுத்துவிட்டேன். ஜாதகத்தை அங்கேயே அச்செடுத்துக்கொள்கிறார். ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவை மட்டும் அதில் சொருகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஷார்ட்கட் வைரஸ் அந்த வழியாகத்தான் வரும். மெஷின் என்றைக்காவது படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழி பார்த்து வைத்திருக்கிறேன். விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி ஒரு மென்பொருளுக்குள் பழைய 32 பிட் விண்டோஸை அடைத்து, புது மெஷினுக்குள்ளேயே ஓட்டலாம். சோதனைக்கு அந்த சிடியை அதில் போட்டுப் பார்த்தேன், இன்ஸ்டால் ஆனது. சிடியையும் ஒரு ஐஎஸ்ஓவாக எடுத்துப் பேக்கப்போடு சேர்த்துவிட்டேன், ஏனென்றால் சிடி டிரைவும் இனி எத்தனை நாளைக்கோ.

பாக்கி இருப்பது மனைவியின் பழைய கேள்வித்தாள்கள். ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் யூனிகோடுக்கு மாற்றியாயிற்று. எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் இன்னும் பாமினியில்தான் இருக்கிறது. காலாண்டுத் தேர்வுக்குள் முடித்துவிடலாம் என்கிறாள்.